கீழ்வயலில் தண்ணீர்

உட்ரெக்ட்,
மார்ச் 4

அன்புத் தம்பி யெல்மருக்கு,

நீயும் மாரித்தும் மாடுகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு இருமல் விட்டது, சைக்கிள் திருடு போனது. இந்த ஊரில் இரண்டும் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசினால் மூன்றாவது பேச்சில் அப்பா வருவார், நான்காவதில் சண்டை வரும். "ரெண்டு பேரும் கடுதாசி எழுதித் தொலைங்க, கோவம் வந்தா கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம்" என்று உன் மனைவி போட்ட சட்டம் நல்ல சட்டம். இதுவே நான் எழுதும் மூன்றாவது பிரதி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பல்கலைக்கழகமும் உன் பாலை வாங்கும் கம்பெனியும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்குகிறோம். நம் பக்கத்துச் சதுப்பு மண்ணைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீரை இறைத்து இறைத்து மண்ணைக் காயவைத்தோம். காய்ந்த மண் கரியமில வாயுவாகக் காற்றில் போகிறது, நிலமும் வருஷா வருஷம் இறங்குகிறது. ஆலைப் புகையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. நம் பச்சைப் புல்வெளி விடும் புகை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வாய்க்காலில் தண்ணீரை உயர்த்தினால் அது நின்றுவிடும். ஆனால் அப்படி உயர்த்தினால் மாடு மேயுமா, பால் எவ்வளவு குறையும், அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? இதையெல்லாம் பார்த்து, வருகிற குளிர்காலத்தில் மாகாண அரசுக்குப் பரிந்துரை எழுத வேண்டியது என் பொறுப்பு. நாங்கள் என்ன எழுதுகிறோமோ அதுதான் பிறகு சட்டமாகும்.

உங்கள் ஊரில் சோதனை நடத்த ஆசைப்படுகிறேன். அங்கே எல்லாவற்றிலும் தாழ்வான நிலம் உன்னுடையது. நீ சேர்ந்தால் மற்றவர்களும் சேருவார்கள், நீ மறுத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். உன் கீழ்வயலில் மதகுப் பலகையை உயர்த்தித் தண்ணீரைத் தேக்க விடுவாயா? ஒரு வருஷத்துக்குத்தான். நான் உன் அக்கா என்பதைக் குழுவில் சொல்லிவிட்டேன். அதனால் உன் வீட்டுக்குக் கேள்வி கேட்க நான் வரக்கூடாதாம்; கம்பெனியிலிருந்து வெஸ்ஸல் என்பவர் வருவார்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. வருத்தப்படமாட்டேன். படுவேன், ஆனால் காட்டமாட்டேன்.

மாரித்துக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
ரென்ஸ்கே


ஆல்டெவேர்,
மார்ச் 19

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் திரும்பி வராமல் இருக்கட்டும், சைக்கிள் வந்தால் வரட்டும்.

உன் கடிதத்தை மாரித்துக்குப் படித்துக் காட்டினேன். பல்கலைக்கழகமும் கம்பெனியும் சேர்ந்து என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா ஒங்க அக்கா?" என்றாள். நான் உன் பக்கம் பேசினேன் என்று தெரிந்துகொள். பூனையிடம் காசு இருக்கிறது, காவல்காரியிடம் படிப்பு இருக்கிறது, சேராமல் எப்படி வேலை நடக்கும் என்றேன்.

பக்கத்துப் பண்ணை ஃபோப்பேயிடமும் சொன்னேன். "ஒன் அக்கா நம்மள மாட்ட வித்துட்டுத் தவள வளக்கச் சொல்றாளா?" என்று கேட்டார். ஆனால் நான் சேர்ந்தால் தானும் சேருவதாகச் சொன்னார். மற்றவர்களும் அப்படித்தான். இந்த ஊரில் குழியில் முதலில் குதிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

பலகையை உயர்த்திக்கொள். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

ஒரு நல்ல செய்தி. ‘ரென்ஸ்கே பதினெட்டு’ என்கிற நம் மாடு கன்று போட்டது. பெண் கன்று. நீ பிறந்த அன்று பிறந்த மாட்டுக்கு அப்பா உன் பெயரை வைத்தாலும் வைத்தார், அந்த வம்சம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. புதிதாக வந்தது ரென்ஸ்கே இருபத்திமூன்று. உன்னைப் போலவே, எழுந்து நின்றதும் முதல் வேலையாக என்னை உதைத்தது.

மாரித் உன்னை நன்றாகச் சாப்பிடச் சொல்கிறாள்.

யெல்மர்


உட்ரெக்ட்,
மே 10

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? இங்கே நான் சுகம். புது சைக்கிள் வாங்கவில்லை, பழையதை வாங்கினேன். என்னுடைய பழையதே திரும்ப வந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம்.

பலகை உயர்த்திய செய்தி கிடைத்தது. அளவுக் குழாயில் நீர்மட்டம் அழகாக ஏறியிருக்கிறது. உன் வயலின் நீர்மட்டக் கோட்டைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவர் கண்ணுக்கு அது ஆஸ்பத்திரிக் கோடு போலத் தெரிந்திருக்கிறது.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் கம்பெனியோடு சேர எனக்கு விருப்பமே இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக ஆகிவிடும் என்று பயந்தேன். ஆனால் எங்கள் அறிக்கைகள் இதுவரை எங்கே போயின தெரியுமா? அலமாரிக்கு. பால் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அரசாங்கம் பக்கத்தைப் புரட்டுகிறது. இந்த ஒரு வேலையாவது காகிதத்தைத் தாண்டி மண்ணைத் தொடட்டும் என்று ஆசை.

ஈரத்தில் மாடுகள் எப்படி இருக்கின்றன? கன்று வளர்கிறதா? கஷ்டம் ஏதாவது இருந்தால் வெஸ்ஸலிடம் ஒளிக்காமல் சொல். கஷ்டம்தான் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ரென்ஸ்கே


ஆல்டெவேர்,
ஜூன் 14

அக்காவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வயலும் நன்றாகவே இருக்கிறது. நீ சின்ன வயதில் சேற்றில் தேடித் திரிவாயே, அந்த நீள மூக்குப் பறவை, இரண்டு ஜோடி வந்து கூடு கட்டியிருக்கின்றன. பக்கத்தில் யார் போனாலும் கத்திக்கொண்டே துரத்துகின்றன. ஃபோப்பேயின் தொப்பியை ஒன்று கொத்தப் பார்த்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், நிஜமாகவே விழுந்தேன், ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது.

வெஸ்ஸல் வந்தார். நல்ல பையன். அப்படிச் சுத்தமான பூட்ஸை நான் கடையில்தான் பார்த்திருக்கிறேன். சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார், மாரித் சர்க்கரை ரொட்டி வெட்டி வைத்தாள். பால் எப்படி என்று கேட்டார், பரவாயில்லை என்றேன். மாடு எப்படி என்றார், பரவாயில்லை என்றேன். புல்? பரவாயில்லை. நம் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்வது? அவர் சந்தோஷமாகப் போனார்.

மழை கொஞ்சம் அதிகம். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

மாரித் ஏதோ எழுத வேண்டும் என்றாள். தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் உறையை ஒட்டிவிட்டேன்.

யெல்மர்


உட்ரெக்ட்,
ஜூலை 30

என் அருமைத் தம்பி,

நலமாக இருப்பீர்கள் என்று எழுதும்போதே எனக்குக் கை பறக்கிறது, ஏனென்றால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதல் வரைவு தயார். சேர்ந்த பண்ணைகள் அத்தனையும் உன்னைப் போலவே சொல்லியிருக்கின்றன: பரவாயில்லை, சமாளிக்க முடிகிறது. ‘நீரை உயர்த்திய நிலத்திலும் பெரிய நஷ்டமின்றி மாடு வளர்க்க முடியும்’ என்று எழுதியிருக்கிறோம். கம்பெனிப் பெரியவர்களுக்கு வாயெல்லாம் பல். நஷ்டமே இல்லையென்றால் பாலுக்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லையே. மாகாண அரசும் தலையாட்டிவிட்டது. அடுத்த வருஷம் ஃப்ரீஸ்லாந்தின் சதுப்பு நிலம் முழுக்க, எல்லாப் பண்ணைகளிலும், தண்ணீர் உயரப் போகிறது. மண் இறங்குவது நிற்கும். இத்தனை வருஷம் படித்ததற்கு ஓர் அர்த்தம் கிடைத்தது போல இருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தனியாக ஒரு பாட்டில் பியர் குடித்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். "ஒனக்குப் படிப்பு, அவனுக்கு நெலம்" என்று சொன்ன மனுஷன் இதைப் பார்த்திருக்கலாம். இதைச் சண்டைக்காக எழுதவில்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன், அதை உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

கன்று எப்படி இருக்கிறது? போன தடவையும் கேட்டேன், நீ பறவையைப் பற்றி எழுதினாய்.

மாரித்துக்கும் உனக்கும் முத்தங்களுடன்,
ரென்ஸ்கே


ஆல்டெவேர்,
செப்டம்பர் 8

அக்கா,

சுகம். வேலை அதிகம், அதனால் இந்தக் கார்டு. உன் வரைவைப் பற்றிப் படித்து மிகவும் சந்தோஷம். நீ சந்தோஷமாக இருப்பது நல்லது. உடம்பைப் பார்த்துக்கொள்.

யெல்மர்


ஆல்டெவேர்,
செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணி,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எங்களுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடுவீர்கள்.

உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் கோபப்படுவார், படட்டும். இந்த வீட்டில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கீழ்வயலில் மே மாதத்திலிருந்தே டிராக்டர் இறங்கவில்லை. இறக்கியபோது அச்சுவரை புதைந்தது, ஃபோப்பேயின் டிராக்டர் வந்து இழுத்தது. அங்கே ஒரு பிடி புல் அறுக்கவில்லை. இப்போது பாதிக்கு மேல் கோரைதான், மாடு அதை மோந்தும் பார்ப்பதில்லை. கால் புதைந்து இரண்டு மாடுகளுக்கு மூட்டு போனது. ஈரத்தில் நத்தை பெருகி, அது பரப்பும் புழு மாடுகளின் ஈரலில் விழுந்து, பால் குறைந்தது. குளிர்காலத்துக்குத் தீனி போதாது என்று தெரிந்ததும் ஆகஸ்டில் மாடுகளில் பாதியை விற்றார். உங்கள் பெயர் வைத்த வம்சத்தில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த அந்தக் கன்று லாரியில் ஏறியபோது இவர் தொழுவத்துக்குள் போய், லாரி தெருமுனை தாண்டும் வரை வெளியே வரவில்லை.

வெஸ்ஸல் வந்தபோதெல்லாம் பரவாயில்லை என்றார். நான் வாயைத் திறந்தால் மேசைக்கடியில் என் காலை மிதிப்பார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "நெலம் பூரா எனக்கு வந்துச்சு மாரித். கன்னு போட மாடு மொரண்டு பண்ணா அப்பா என்னையா கூப்ட்டாரு, அவளத்தான் கூப்ட்டாரு. அவளுக்கு ஒரு கைப்புடி மண்ணு குடுக்கல. இந்த ஒண்ணாவது அவளுக்கு நல்லா அமையட்டும்" என்றார்.

அண்ணி, அவர் பொய் சொன்னது உங்கள்மேல் இருக்கிற பாசத்தால். ஆனால் இந்தப் பொய் சட்டமாகிவிட்டால் மற்ற வீடுகளிலும் லாரி வந்து நிற்கும். அதற்கு ஈடாக ஒரு காசும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள். எனக்குத் தாங்கும்.

மாரித்


உட்ரெக்ட்,
அக்டோபர் 6

யெல்மர்,

நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்பாய்.

மாரித் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. திட்டினாய் என்று தெரிந்தால் போன் செய்வேன்.

இது நாலாவது பிரதி. முதல் மூன்றையும் நீ படிக்காதது நல்லது. என் பெயர் வைத்த மாடுகளை விற்றுவிட்டு எனக்குப் பறவைக் கதை எழுதியிருக்கிறாய். உன் கார்டைப் படித்துவிட்டு, தம்பி எனக்காகச் சந்தோஷப்படுகிறான் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்றால், உடனே ரயிலேறி வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. வரவில்லை. வேறு ஒரு வேலை செய்தேன், அதைக் கேள்.

மறுநாளே வெஸ்ஸலிடம் சொன்னேன். மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்து, ஒரு பண்ணைதானே, அந்தக் கணக்கை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். முதலில் எனக்கும் அது சரியாகப் பட்டது. பிறகு, நீ பாசத்தால் சொன்னாய், மற்றவர்கள் எதனால் சொன்னார்கள் என்று ஒரு கேள்வி எழுந்தது. வெஸ்ஸல் இல்லாமல் நான் மட்டும் மற்றப் பண்ணைகளுக்குப் போனேன். சமையலறைக்குள் போகவில்லை, காப்பியும் குடிக்கவில்லை. வயலில் நின்றே பேசினேன். ஃபோப்பே கோரையைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, "பால வாங்குறவன் வந்து பாலு எப்புடின்னு கேட்டா, கொறஞ்சுபோச்சுன்னா சொல்லுவான் ஒருத்தன்?" என்றார். எல்லா வயலிலும் இதே பேச்சுதான்.

கேள்வியைத் தயாரித்தது நான். அதைக் கேட்கக் கம்பெனி ஆளை அனுப்பச் சம்மதித்ததும் நான்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? காப்பி மேசையில் யாரும் குறை சொல்லமாட்டார்கள், அதிலும் வாங்குகிறவனிடம். இது உன்னுடைய பொய் மட்டும் இல்லை, என் ஆய்வே அப்படிக் கேட்டு வாங்கிய பொய்.

தம்பி, எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். இனிமேலாவது உண்மையைச் சொல்வாயா?

ரென்ஸ்கே


ஆல்டெவேர்,
அக்டோபர் 22

அக்காவுக்கு,

மாரித்தைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், மூன்றாம் நாள் அவள் என்னிடம் பேசாமல் இருந்தாள். அதோடு சரியாகிவிட்டது.

நீ கேட்டபடி உண்மையை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது, உனக்குத் தெரியும்.

அப்பா சாகும் முன் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்காவுக்கும் பாதி எழுதுங்கள் என்று. கேட்கவில்லை. கேட்டால் பிரித்துவிடுவாரோ என்று பயம். நீ பையைத் தூக்கிக்கொண்டு உட்ரெக்டுக்குப் போன அன்று என்னிடம் கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் குலுக்கிவிட்டுப் போனாய். அந்தக் கைகுலுக்கலை நான் இன்னும் மறக்கவில்லை.

பலகையை உயர்த்த நீ கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி. நிலத்தைக் கொடுக்க முடியவில்லை, நிலத்திலிருந்து ஒரு நல்ல செய்தியாவது கொடுப்போம் என்று நினைத்தேன். அது மற்றவர்கள் வீட்டுக்குள் புகும் என்று நான் யோசிக்கவில்லை. நான் அவ்வளவு தூரம் யோசிக்கிறவன் இல்லை.

கன்றுக்காக வருத்தப்பட்டேன். இப்போதும் படுகிறேன். வாங்கியவர் நல்ல மனுஷர். பெயரை மாற்றமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் நான் சொன்னதில் பொய் இல்லை. பறவை வந்தது நிஜம். நிலம் இறங்காததும் நிஜம். கீழ்வயலைப் பார்த்த நம் வீட்டுச் சுவரை ஒட்டி வருஷா வருஷம் மண் விலகி இடைவெளி தெரியும், இந்த வருஷம் தெரியவில்லை. மாட்டுக்கு ஆகாத தண்ணீர் மண்ணுக்கு ஆகிறது. இதை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன்மேல் கோபம் இல்லை. என்மேல் உனக்கு இருந்தால் அது சரிதான்.

யெல்மர்


உட்ரெக்ட்,
நவம்பர் 11

என் தம்பிக்கு,

சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருங்கள். இங்கே ஒரே மூடுபனி.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. பதிலை நேரில் சொல்கிறேன். இப்போது ஊர்க்காரியம்.

நான் ஆய்விலிருந்து விலகிவிட்டேன். யாரும் வெளியேற்றவில்லை, நானே எழுதிக் கொடுத்தேன். என் தம்பியின் வயலும் என் தவறும் ஒரே அறிக்கையில் இருக்கும்போது நான் எழுதுவது நியாயம் இல்லை. வேறொருவர் முடிப்பார். ஆனால் வயலில் நின்று என்னிடம் சொன்னதை எல்லாம் நானாகப் போய் எழுத முடியாது. சொன்னவர்கள் சபையில் சொல்ல வேண்டும். வருகிற வியாழக்கிழமை உங்கள் ஊர் மண்டபத்தில் மாகாண அரசும் கம்பெனியும் கூட்டம் வைக்கிறார்கள். ஒவ்வொரு பண்ணையின் பதிலையும் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்பார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் முதல் வரைவே அப்படியே அரசுக்குப் போய்விடும். நஷ்டம் இல்லாத இடத்தில் ஈடும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு அங்கே வர அனுமதி இல்லை. நீ பேசு என்றும் நான் சொல்லப் போவதில்லை. உனக்குச் சபை என்றால் எப்படி என்று எனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் நன்றி சொல்ல எழுந்து நின்று உட்கார்ந்தவன் நீ. பேசினால் கம்பெனி உன் பாலை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியாது.

நீ என்ன செய்தாலும் நான் உன் அக்கா.

ரென்ஸ்கே


ஆல்டெவேர்,
டிசம்பர் 2

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை நிஜமாகவே.

உனக்கு யாராவது முன்பே சொல்லியிருப்பார்கள், ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. காப்பி கொடுத்தார்கள், நான் வாங்கவில்லை. மாரித்தும் வாங்கவில்லை. அதைப் பார்த்து ஃபோப்பேயும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். வெஸ்ஸல் எழுந்து ஒவ்வொரு பண்ணையாகப் படித்தார். பரவாயில்லை, பரவாயில்லை, சமாளிக்க முடிகிறது. என்னுடையதைப் படித்துவிட்டு, சரிதானே என்று மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மாரித்தான் முதுகில் தள்ளினாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய்.

"அது நான் சொன்னதுதான்" என்றேன். "ஆனா அது உண்மை இல்ல. பாதி மாட்ட வித்துட்டேன். கீழ்வயல்ல கோரதான் இருக்கு. நீங்க தங்கமான பையன் வெஸ்ஸல், ஆனா என் பால வாங்குறவரு என் வீட்டுக்குள்ள ஒக்காந்து கேட்டா நான் எப்புடிச் சொல்லுவேன்? எங்க அக்காவுக்காகவும் பொய் சொன்னேன். அதுக்கு அவ என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிட்டா. தண்ணிய ஏத்துங்க, வேணாங்கல. மண்ணு நிக்குது, நானே பாத்தேன். ஆனா எங்க மாட்டு மேல ஏத்திட்டு நஷ்டம் இல்லன்னு எழுதாதீங்க."

உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஃபோப்பே எழுந்தார், அவர் பின்னால் எல்லோரும். ஃபோப்பேயை உட்காரவைப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது.

வெஸ்ஸல் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு" என்றார். "பாலோட அளவு தெனமும் எங்களுக்கு வருதே. கொறஞ்சதப் பாத்தேன். நீங்க பரவால்லன்னு சொன்னதும் நிம்மதியா எழுதிக்கிட்டேன்." கம்பெனிப் பெரியவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, மாரித் பார்த்தாளாம். நல்ல வேளை, பையன் இன்னும் வேலையில் இருக்கிறார்.

முடிவு இதுதான். அறிக்கை ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. இனிமேல் கேள்வி கேட்கப் பல்கலைக்கழகத்து ஆட்கள் மட்டும் வருவார்கள். ஈர நிலத்துப் பாலுக்குக் கூடுதல் விலை தருவதைப் பற்றி யோசிக்கக் கம்பெனி ஈஸ்டர் வரை அவகாசம் கேட்டிருக்கிறது. தருமா என்று தெரியாது. தராது என்று ஃபோப்பே பந்தயம் கட்டுகிறார். என் பாலை இன்னும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

கீழ்வயலைப் பற்றி நானும் மாரித்தும் பேசி முடிவெடுத்துவிட்டோம். பலகையை இறக்கப் போவதில்லை. அந்த வயல் இனி மாட்டுக்கு இல்லை, தண்ணீருக்குத்தான். மிச்ச நிலத்தில் குறைந்த மாடுகளோடு ஓட்டிக்கொள்கிறோம். வயலைத் தண்ணீருக்கு விடுவதற்கு மாகாண அரசோடு ஒப்பந்தம் போட வேண்டும், அதில் நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று எழுத வேண்டும். பத்திர அலுவலகத்துக்குப் போய் உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டேன். பாதி உனக்கு, பாதி எனக்கு. நீ ஆய்வில் இல்லை, அதனால் யாரும் எதுவும் கேட்கமுடியாது என்று அந்த அதிகாரியே சொன்னார். காகிதம் உனக்கு வரும்.

நன்றி எல்லாம் எழுதாதே. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற நிலத்தில் பாதிதான் தருகிறேன். முப்பது வருஷம் தாமதமாக, முழங்கால் ஆழத்தில். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே அக்கா.

யெல்மர்


உட்ரெக்ட்,
டிசம்பர் 13

யெல்மர்,

பத்திர அலுவலகத்துக் காகிதம் இன்று வந்தது. அதை மேசையில் வைத்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மை காயும் முன்பே கண்ணீர் பட்டு ஓர் எழுத்து கலைந்துவிட்டது, அது செல்லுமா என்று கேட்டுச் சொல்.

பையைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் ஏன் கைகுலுக்கினேன் என்று நீ இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாயே. கட்டிக்கொண்டால் போக மாட்டேன் என்று தெரியும், அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

எந்தப் பாதி என் பாதி என்று கேட்கப் போவதில்லை. தண்ணீரில் எப்படிக் கோடு போடுவது? சனிக்கிழமை முதல் ரயிலில் வருகிறேன். காப்பி போட்டு வை, உட்கார்ந்து குடிப்பேன். பிறகு நாம் மூவரும் போய் நம் நிலத்தைப் பார்ப்போம்.

உன் அக்கா